இழுப்பறைக்கு வெளியே ஓர் எலி

வாலடியிலிருந்து தலை நோக்கி, ரோமத்துக்கு எதிர்த்திசையில், ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவுவாள் மைதிலி. பஞ்சடைத்த பழைய தோலில் தட்டையான முட்கள் சரசரவென்று நிமிரும். அதன் பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு காலைக் காப்பிக்குப் போவாள். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில், இழுப்பறை இழுப்பறையாகக் கிடக்கும் தென்னமெரிக்க முள்மயிர் எலிகளை இனம் பிரித்து வைப்பது அவள் வேலை.

"பேர் மட்டும்தான் எலி. கினிப்பன்றிக்குத்தான் இது கஸின்," என்பாள், கேட்காதவர்களிடமும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தப்ப முடியாது. முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை, நீண்ட மூக்கு என்று ஆரம்பிப்பாள். ஆனால் மேல்தோற்றத்தை நம்பி இனம் பிரித்தால் அவ்வளவுதான். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு, மண்டையோட்டில் வேறு வேறாக இருக்கும். அண்ணத்துத் துளையின் வடிவத்தையும் கடைவாய்ப் பல்லின் மடிப்பையும் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். "பல்லைக் காட்டினாத்தான் நான் நம்புவேன்" என்பது அவள் வாய்ப்பாடு. "நல்லவேளை, பொண்ணு பார்க்கப் போனப்ப நான் சிரிச்சுத் தொலைச்சேன்," என்பான் கணவன் தியாகு.

இவ்வளவு பேசுகிறவள் உயிருள்ள ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. பெரு நாட்டுக்கு இருமுறை கிளம்பினாள். ஒரு தடவை விசா வரவில்லை; மறு தடவை பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அது காதை எப்படித் திருப்பும், எப்படி மூச்சு விடும் என்பதெல்லாம் இழுப்பறையில் கிடைக்காதே. சில நாள் ஏக்கம் தாங்காமல் மேசை விளக்கை இழுத்துத் தோலுக்கு நேரே வைப்பாள். தோல் லேசாகச் சூடேறும். பல்புச் சூடுதான் என்று அவளுக்கும் தெரியும்.

2007 இலையுதிர் காலத்தில் தியாகுவின் வேலை ஒப்பந்தம் முடிந்தது. சென்னைக்கு டிக்கெட் போட்டாயிற்று. இனி எலியாவது, ஆராய்ச்சியாவது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பீலெஃபெல்ட் நகரில் ஒரு சிறிய விலங்குக் காட்சியகத்துக்கு முள்மயிர் எலி ஜோடி ஒன்று வந்திருப்பதாகத் தகவல். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. பெட்டி கட்டுவதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரயிலேறினாள்.

அங்கே கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் சந்திரகாந்தி, யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ, வாங்கோ. பகலிலை இவைக்கு நித்திரைதான். ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

மரப்பட்டைக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. பெரிய கரிய கண்கள். மீசை துடித்தது, விலா ஏறி இறங்கியது. ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் மைதிலியின் கை தானாக வாலடிக்குப் போயிற்று. அது திடுக்கிட்டுப் பாய்ந்தது. போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் அவள் வாலைப் பிடித்துவிட்டாள். பிடித்தால் இதன் வால் கழன்றுவிடும், மறுபடி முளைக்காது என்று கட்டுரை எழுதியவளே அவள்தான்.

எலி பட்டைக்குள் மறைந்தது. வால் அவள் விரல்களுக்கிடையே இருந்தது.

"ஐயோ அக்கா, எனக்குத் தெரியும்க்கா. எல்லாம் தெரிஞ்சும் நானே..." என்று அழுதாள்.

"அழாதேங்கோ. அது சாகாது. போன மாசம் மற்றதின்ரை வாலை நானும்தான் கழட்டினனான்." சந்திரகாந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்கு ரயிலுக்கு நேரமாகேல்லையோ?"

வாலை அளந்து பெயர்ச்சீட்டுக் கட்டுவதுதான் மைதிலியின் தொழில் முறை. அதைத் திரும்பியும் பாராமல் கூண்டின் மேல் வைத்தாள். சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, கையைக் கூண்டுக்குள் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.