கட்டைவிரலுக்குப் பத்து வாத்து

பறவைக் கணக்கெடுப்புக்கு அரியலூரிலிருந்து வந்த பெண் நீட்டிய பைனாகுலரில் வேறு ஏதோ ஏரியின் சேறும் பறவை எச்சமும் கலந்து நாறியது. அதே நாற்றத்தில்தான் சின்ன வயதில், மார்கழிக் காலைகளில் அக்காவும் நானும் இந்தக் கரையில் கையை நீட்டி, கட்டைவிரல் மறைப்பதெல்லாம் பத்து வாத்து என்று எண்ணுவோம், வடக்கேயிருந்து வந்த வாத்துகள் கத்துகிற கத்தலில் எண்ணிக்கை மறந்து மறுபடி தொடங்குவோம்.

“குண்டு விரலா, அம்புட்டையும் முழுங்கிட்டியேடா!” என்பாள் அக்கா.

இப்போது ஏரி, சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம்.

“ஒண்ணும் இல்லைன்னா பூஜ்யம் போடுங்க சார். அடுத்த வருஷம் இந்த ஏரியை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க” என்று படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள் அந்தப் பெண்.

“பேனா எழுதலைம்மா” என்று புளுகினேன்.

“இந்தாங்க சார், வேற பேனா.”

அது நன்றாகவே எழுதும் போலிருந்தது. பதறிப்போய்க் கட்டைவிரலை நீட்டினேன். முன்னைவிடப் பருத்த விரல். அதன் பின்னால் ஒரு வாத்துகூட இல்லை.