‘வருகிறேன்’ என்ற பட்டன்

உத்திரமேரூரை ஒட்டிய கிராமம் ஒன்றின் பால் சொசைட்டிக்கு ஒரு செயலி செய்து கொடுத்தேன். வேலை சிறியதுதான். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்காரர் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். சொசைட்டியின் முதலுதவிக்காரருக்குத் தகவல் போகும், அவர் பைக்கில் வந்து பார்ப்பார். அவர் பட்டம் பெற்ற டாக்டர் இல்லை, பயிற்சி எடுத்தவர். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் மாட்டு டாக்டர்தான்.

அதற்கு முன்பு எல்லாம் போனில்தான் நடந்தது. மாட்டின் வாயைத் திறந்து பிடித்திருக்கும் நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அதனால் ஒரு வீட்டின் வேலை முடியும்வரை அடுத்த வீட்டின் தகவல் அவருக்குப் போகாதபடி அமைத்தேன். காத்திருப்பவரின் போனில் ‘வேறு வீட்டில் இருக்கிறார், அடுத்தது நீங்கள்’ என்று வரும். முதலுதவிக்காரரின் திரையில் இரண்டே பட்டன்கள்: கிளம்பும்போது ‘வருகிறேன்’, வேலை ஆனதும் ‘முடிந்தது’. என் மேசையில் இரண்டு போன்களை வைத்துக்கொண்டு முப்பத்தாறு விதமாகச் சோதித்து ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். எல்லாம் சரியாக வந்தது. சொசைட்டிக் கூட்டத்தில், இனி அவரைப் போனில் கூப்பிட வேண்டாம், செயலி போதும் என்று நானே எழுந்து சொன்னேன்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு, சாப்பிட எழுவதற்கு முன், கணினியில் அன்றைய பட்டியலைத் திறந்தேன். ஒரு வீட்டுக்கு நேராகப் பத்து நாற்பதிலிருந்து ‘வருகிறேன்’ என்றே நின்றிருந்தது. அதற்குக் கீழே பதினொன்று ஐந்துக்கு இன்னொரு அழைப்பு: ஏரிக்கரைத் தெருவில் ஒரு பெண்மணி, கறவை மாடு, வயிறு உப்பிசம். அந்தத் தகவல் முதலுதவிக்காரருக்குப் போகவே இல்லை.

வயிறு உப்பிய மாடு அதிக நேரம் தாங்காது. அந்தச் செயலிக்காக நோய்ப் பட்டியல் எழுதியபோது அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது அது. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

“இன்னா மேடம், சாப்ட்டுக்கினு கீறேன்.”

“முதல் வீட்டில் இன்னும் வேலை முடியவில்லையா?”

“அது அப்பவே ஆயிடுச்சே. பதினோரு மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்துட்டேன். வேற யாரும் கூப்புடலியே.”

ஏரிக்கரைத் தெருவைச் சொன்னேன். அவர் உடனே போனை வைத்தார். நானும் ஸ்கூட்டரை எடுத்தேன். ஆறு கிலோமீட்டர்.

நான் போனபோது அவர் ஏற்கெனவே மாட்டின் வாயில் எண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்க வயிறு மத்தளம்போல் இறுகியிருந்தது. அந்தப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். மாட்டின் தலையைத் தோளில் தாங்கியபடி நின்றார். அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் அவர் வீடு நடந்தது. முந்தின நாள் மீந்த சோற்றை நிறைய தின்றுவிட்டதாம். அவருடைய போன் தவிட்டு மூட்டையின்மேல் கிடந்தது. திரையில் இன்னமும் ‘அடுத்தது நீங்கள்’ என்றே இருந்தது.

“ஏன் போன் பண்ணல?” என்று முதலுதவிக்காரர் அவரைக் கேட்டார்.

“நீ தான்ணா பண்ணக் கூடாதுன்னு கூட்டத்துல தலையாட்டிக்கினு நின்ன. இந்தம்மா வேற எழுந்து சொல்லிச்சி. நானும் அடுத்தது நாந்தான்னு போனையே பாத்துக்கினு கெடந்தேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “உன் வரிசையெல்லாம் நல்லா தான் கீது மேடம். மாட்டுக்குத் தான் படிக்கத் தெரியல.”

நான் போய் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாடு ஒரு பெரிய ஏப்பம் விட்டது. சிறிது நேரத்தில் இன்னொன்று. வயிறு தளர்ந்ததைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்மணி தோளை எடுத்தார். தொழுவத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கை கழுவ வந்த முதலுதவிக்காரரிடம் அவருடைய போனை வாங்கிக் காட்டினேன். முதல் வீட்டில் வேலை ஆன பிறகு என்ன அழுத்தினீர்கள் என்று கேட்டேன்.

“வரேன்னு அமுக்கனேன்.”

“அது அந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அழுத்த வேண்டியது.”

“ஒரு வூட்ல இருந்து கெளம்பறப்ப இன்னா சொல்வாங்க? வரேன்னு தான சொல்வாங்க? அங்கியும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். அதையே அமுக்கனேன்.”

“பக்கத்திலேயே ‘முடிந்தது’ இருக்கிறதே.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த வூட்ல கன்னுக்குட்டி படுத்துக்கினு கீது மேடம். அந்தப் பொண்ணு என் தோள்மேல எட்டி போனைப் பாத்துக்கினு நிக்குது. அது கண்ணு முன்னால முடிஞ்சிடுச்சின்னு அமுக்கச் சொல்றியா?”

“அமுக்கியிருந்தா அவ கைல வெளக்கமாறு எடுத்திருப்பா” என்றார் தொழுவத்திலிருந்து அந்தப் பெண்மணி.

முதல் இரண்டு நாளும் அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். நாளுக்கு ஒரே அழைப்பு வந்ததாலும், காலையில் பட்டியல் புதிதாகத் தொடங்கியதாலும் அது வெளியே தெரியவில்லை. என் முப்பத்தாறு சோதனைகளிலும் பட்டனை அழுத்தியது நான். என் மேசைக்குப் பக்கத்தில் நோயுற்ற மாடு எதுவும் படுத்திருக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வாழ்நாளெல்லாம் நானும் ‘வரேன்’ என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். அதை வேலையோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் முழுவதும் திருத்தினேன். ‘வருகிறேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்’ என்று வைத்தேன். ‘முடிந்தது’ இருந்த இடத்தில் ‘பார்த்தாச்சு’. தகவலைத் தடுத்து வைக்கும் அமைப்பையே நீக்கினேன். எல்லா அழைப்பும் அவருக்கு உடனே போகும், எது அவசரம் என்று அவரே பார்த்துக்கொள்வார். கடைசியாக, காத்திருப்பவர் திரையில், எழுத்து எதுவும் இல்லாமல், போன் படம் போட்ட பெரிய பச்சைப் பட்டன் ஒன்று.

அதை எடுத்துக்கொண்டு முதலில் ஏரிக்கரைத் தெருவுக்குத்தான் போனேன். மாட்டைத் திரும்பப் பார்க்க முதலுதவிக்காரரும் வந்திருந்தார். ஒவ்வொரு சொல்லையும் இருவருக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பெண்மணி மாட்டுக்கு வைக்கோல் போட்டபடியே கேட்டார். ‘பார்த்தாச்சு’ பரவாயில்லை என்றார். பச்சைப் பட்டனைக் காட்டியதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினார். நாலடி தள்ளி நின்றவரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

“இங்கதான நிக்கிறேன், இன்னா?” என்றார் அவர்.

“எடு ண்ணா. எடுக்கிறியான்னு பாக்கணும்.”

அவர் எடுத்து, “அலோ” என்றார்.