நான்கு நிமிட அமைதி

பெரியப்பா தன் சாக்ஸபோன் வாசிப்பைத் தானே அழித்த பிற்பகலில் நானும் அருகில் இருந்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஐம்பதுகளில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில், ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு வாசித்த ஸ்விங் பாண்டில் அவர் இருந்தார். அந்த வாசிப்பை யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. எண்பதுகளில், லண்டன் வெம்பிளி ஃபிளாட்டில், நான்கு தடங்கள் கொண்ட ரெக்கோர்டர் ஒன்றை வாங்கிப் பக்திப்பாட்டுக் கசெட்டுகளின் தயாரிப்பாளர் ஆனார். சுவரெல்லாம் போர்வைகள் தொங்கும். பெரியம்மா அடுப்பில் எதையாவது பொரித்தால் பதிவு நின்றுவிடும்.

ஒரு வருடம் அம்மன் பாட்டுக்கு என்னைப் பிடித்தார். எனக்குப் பத்து வயது. ஆட்களைக் கண்டால் வாய் திறக்காத எனக்கு, அந்தப் போர்வைகளுக்கு நடுவே மட்டும் குரல் வந்தது. என் குரலோடு கூடவும் சரணங்களுக்கு இடையிலும் அவரே சாக்ஸபோன் வாசித்துத் தனித் தடத்தில் பதிந்தார். "நான் செத்தாலும் இது கிடக்கும்," என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

கசெட்டை விற்கவிருந்த கடைக்கார மாமா வந்து கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன அண்ணை, அம்மனை டான்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போறியளே?"

"நாதஸ்வரமும் ஊதுறதுதானே தம்பி."

"அது கோயில் சாமான், இது ஹோட்டல் பார் சாமான். இதோடை என்ரை கடையிலை வைக்க ஏலாது."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு. இருக்கட்டோ, எடுக்கட்டோ?"

என்னை நம்பித்தான் கேட்டார். எனக்கு என் குரல்தான் பெரிதாக இருந்தது.

"எடுத்தா என்ரை குரல் வடிவாக் கேக்கும், பெரியப்பா."

"ஓம்," என்றார். "அதுவும் சரிதான்."

அந்த மெஷினில் ஒரு தடத்தை அழிக்க, அதன்மேல் வெறுமையைப் பதிய வேண்டும். பாட்டு நான்கு நிமிடம் என்றால் அழிக்கவும் நான்கு நிமிடம். பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போல் விரலை உதட்டில் வைத்தார். மைக் இணைக்கப்படவே இல்லை. ஆனாலும் மூவரும் மூச்சை அடக்கி இருந்தோம். கடைக்கார மாமா இருமலைக்கூட விழுங்கினார். பெரியப்பாவின் விரல்கள் மட்டும் முழங்காலின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. சரணம் வரவேண்டிய இடங்களில் மெதுவாக, அவற்றுக்கு இடையில் வெகு வேகமாக.

கசெட் நன்றாக விற்றது. உறையில் தயாரிப்பாளர் என்று அவர் பெயர். கோயில் மண்டபத்தில் முதன்முறையாக ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் அவர் இன்னும் பல கசெட்டுகள் போட்டார். சாக்ஸபோன் பெட்டியின்மேல் பெரியம்மா துணி மடித்து வைத்தாள்.

அந்த விரல்கள் நேரத்தை எண்ணுகின்றன என்றே அன்று நினைத்திருந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று நானும் சேர்ந்து எண்ணினேன்.