நான்காம் நாள் எழுதிய மூன்று

என் தலைவலி குறையவில்லை. குறைந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒரு மனிதன் கடலை விட்டுவிட்டான்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் இதை மூடிவைத்தாலும் சரி, மேலே படித்தாலும் சரி... படிப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். துறைமுகத்தில் கில்பர்ட் வருகிறான் என்றால் கிரேன் ஓட்டுகிறவர்கூட ஜன்னல் வழியே தலையை நீட்டுவார். ஆகவே இடையிடையே நான் வேடிக்கை பேசினால் ஏமாந்துவிடாதீர்கள். என்னிடம் ஏமாந்தவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள்!

என் உடம்புக்குள் ஒரு கருவி இருக்கிறது. பிடரித் தோலுக்கு அடியில் இரண்டு மெல்லிய கம்பிகள். அவை கழுத்து வழியாக இறங்கி, வலது காரை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டியை ஒத்த ஒரு பெட்டியில் சேர்கின்றன. அந்தப் பெட்டி பிடரி நரம்புக்குச் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பும். அந்தத் துடிப்பில் வலி மட்டுப்படும். ஏற்பாடு அதுதான். ரிமோட் உண்டு. வாரம் ஒருமுறை என்னைச் சார்ஜில் போட வேண்டும். துறைமுக வாசலில் சோதனைக் கருவியோடு நெருங்குகிற காவலரிடம் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டி, "மெதுவா சார், உள்ள பிள்ள தூங்குது" என்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் சிரிப்பார்.

பதினோரு வருடத் தலைவலி. பிடரியில் புறப்பட்டு, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாடகை தராமல், காலி செய்யவும் மறுக்கிற குடித்தனக்காரனைப் போல. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வீடு அந்தப் பதினோரு வருடமும் வாயைப் பொத்திக்கொண்டே வாழ்ந்தது. டிவியில் ஆட்கள் வாயசைப்பார்கள், சத்தம் வராது. என் மகள் ஷைனி நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். என் மனைவி ரெக்ஸலின் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தாள், விசில் என் தலையைக் குத்தும் என்பதற்காக.

மருந்துகள் எல்லாம் தோற்ற பிறகு, மதுரை டாக்டர் இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னார். முதலில் ஒரு வாரம் பரீட்சை. கம்பியை மட்டும் பிடரியில் செருகி, பெட்டியை வெளியே இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். கையில் ஒரு நோட்டு. காலை, மதியம், மாலை... வலிக்கு ஓர் எண் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் உயிர் போகிற வலி.

"பாதியாவது குறைஞ்சாத்தான் பெட்டிய உள்ள வைப்போம். குறையலைன்னா கம்பிய உருவிட்டு வேற வழி பார்ப்போம். வீட்ல சந்தோஷப்படணும்னு குறைச்சுப் போட்டுறாதீங்க" என்றார் டாக்டர்.

"டாக்டர், நான் இருவத்தேழு வருசமா எண்ணுத வேலதான் பாக்கேன். எண்ணிக்கைல தப்பு வராது" என்றேன் நான்.

அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுவது என் தொழில். நான்கு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு. கப்பல் தரப்பிலும் ஒருவர் நின்று எண்ணுவார். வேலை முடிந்ததும் இருவர் தாளையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். மறுபடி எண்ணு என்பேன். கப்பல் காத்துக் கிடக்கட்டும்!

வலிக்கு மட்டும் எதிர்த்தரப்பு ஆள் கிடையாது. என் மண்டைக்குள் எண்ணுவதற்கு நான் ஒருவன்தான். யார் வந்து சரிபார்ப்பார்கள்?

முதல் நாள் எட்டு. இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாள் பிடரியில் நண்டுக்குஞ்சுகள் ஊர்வதுபோல் இருந்தது. வலி அப்படியே இருந்தது. ஆனாலும் ரெக்ஸலின் மணிக்கொரு தரம் என் முகத்தைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல், "கொஞ்சம் தேவல போல இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

நான்காம் நாள் காலை. அடுக்களையில் திடீரென்று குக்கர் விசில் அடித்தது. அவள் பரணிலிருந்து அதை இறக்கியிருக்கிறாள்... எனக்குத் தெரியாது. விசில் வலது கண்ணுக்குள் ஆணியாக இறங்கியது. அடுத்த நொடி, தப்புச் செய்துவிட்டவள் போல் அவள் ஓடிவந்து வாசலில் நின்றாள். கையில் கரண்டி. கண் என் முகத்தில்.

நான் சொன்னேன்: "என்னளா, ரயிலு வந்துட்டா? டிக்கெட் எடுத்தியா?"

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகித் திரும்பவும் சிரிப்பானது. ஷைனி நுனிக்காலில் வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்தாள். திரும்பிப் போகும்போது அந்தப் பிள்ளை குதிகால் பதிய நடந்து போனாள். தொம், தொம், தொம்... ஒவ்வொரு அடியும் என் பிடரியில் விழுந்தது.

நோட்டை எடுத்தேன். மூன்று என்று எழுதினேன்.

நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? இல்லை, பதில் சொல்ல வேண்டாம். நான் தப்பிக்க வழி தேடுகிறேன்.

பெட்டியை உள்ளே வைத்தார்கள். இந்தக் கருவி பலருக்குப் பலன் தருகிறது. அதன்மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். என் நரம்புக்கு அது பிடிபடவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லி வேறு வைத்தியத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அந்த மூன்றையும் சொல்ல வேண்டுமே! பெட்டி உள்ளே போன நாலாவது மாதம் நான் அதை அணைத்துவிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அணைத்த பிறகுதான் இன்னொரு பயம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போடுகிறபோது ரெக்ஸலின் அருகில் இருந்து பார்ப்பாள். பேட்டரி குறையாமல் நிறைந்திருந்தால் சந்தேகம் வராதா? ஆகவே வெள்ளிக்கிழமையானால் கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டு மின்சாரத்தைக் கரைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதே மின்சாரத்தைப் பக்தியோடு ஏற்றிக்கொள்வேன். உலகத்தில் இப்படி ஒரு கோமாளி இருப்பானா?

மாதாகோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகிறேன். தவக்காலத்தில் ஆட்டுக்கறி தின்றதைச் சொல்கிறேன். மச்சினனைக் கிண்டல் செய்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்ல வாய் எடுக்கிறேன்... எழுந்து வந்துவிடுகிறேன்.

இதுவரை என் பொய் என் வீட்டோடு நின்றது. பிறகு இன்னாசி வந்தான்.

இன்னாசி, ரெக்ஸலின் பிறந்த ஊரான பெரியதாழையைச் சேர்ந்தவன். தூத்துக்குடியில் பெண் எடுத்து, இங்கேயே சங்கு குளிக்கப் போகிறவன். அவனுக்கும் என்னைப் போலவே பிடரி வலி. அதே மதுரை டாக்டர். கோயிலில் அவன் மனைவி அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ரெக்ஸலின் என் கதையைச் சொல்லி, பூசை முடிந்ததும் அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். நான் நெஞ்சில் சார்ஜரை வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன்.

"வாலே இன்னாசி. தள்ளி உக்காரு, ஷாக் அடிச்சிராம."

அவன் சிரிக்கவில்லை. ரெக்ஸலின்தான் பேசினாள்.

"தம்பி, இவிய முன்ன கெடந்த கெடப்பு ஒங்களுக்குத் தெரியாது. குக்கரு விசில் அடிச்சாப் போதும், தலையில துண்டக் கட்டிட்டுச் சுருண்டுருவாவ. இப்ப பாருங்க, சினிமா வில்லன் மாதிரி கறுப்புக் கண்ணாடியப் போட்டுட்டு வேலைக்குப் போறாவ."

வெயிலில் கண் கூசி உயிர் போகிறது என்பதற்காகப் போட்ட கண்ணாடி அது.

அவள் தேநீர் போட உள்ளே போனாள். இன்னாசி நாற்காலியை அருகே இழுத்தான்.

"அண்ணாச்சி, இத வச்சிட்டா ஆழத்துக்குப் போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. தண்ணி அமுக்கம் மிஷினுக்கு ஆவாதாம். எனக்கு எட்டுப் பாகம் ஆழத் தண்ணியத் தவிர ஒரு எழவும் தெரியாது. கீழ போயிட்டா வலி இருக்கும், ஆனா சத்தம் இருக்காது பாத்துக்கிடுங்க. அத விடணும்னா... அக்கா இல்லாதப்பக் கேக்கேன். நெசமாவே கொறஞ்சிட்டா?"

தேநீர் வர இரண்டு நிமிடம் இருந்தது. உண்மை இரண்டு வார்த்தை. இல்லலே, கொறயல. அவ்வளவுதான்!

அப்போது உள்ளே விசில் அடித்தது. மதியச் சோற்றுக்கு ஏற்றிய குக்கர். என் வலது கண்ணில் அதே ஆணி. நான் இமைக்கவில்லை. இமைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

"பாரு, விசில் அடிக்கி. நான் அசஞ்சனா?" என்றேன்.

என் நடிப்பையே சாட்சியாக அவன் முன்னால் வைத்தேன்... கைகூசாமல் வைத்தேன். இன்னாசி என் முகத்தை நம்பினான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தான்.

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட நான் பாதி மனிதனாக இருந்திருப்பேன்.

அவனுடைய பரீட்சை வாரத்தில் மூன்றாம் நாள் போன் வந்தது. நான் கப்பலடியில் நின்று மரத்தடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும்போது போன் எடுக்கமாட்டேன், அன்றைக்கு எடுத்தேன்.

"அண்ணாச்சி, பிடரில என்னமோ ஊருத மாதிரி இருக்கு. ஆனா வலி கொறயல. நோட்டுல எட்டுன்னுதான் போட்டிருக்கேன்."

அவன் சரியாக எண்ணிக்கொண்டிருந்தான்! நான் சொல்ல வேண்டியதெல்லாம் 'அப்படியே எழுது' என்பதுதான். கம்பியை உருவியிருப்பார்கள். வேறு வைத்தியம் பார்த்திருப்பார்கள். அவன் தலைவலியோடாவது கடலுக்குப் போயிருப்பான்.

"பொறுலே. எனக்கும் மூணு நாளு இப்பிடித்தான் இருந்துச்சு. நாலாவது நாளுதான் பிடிச்சுது" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவனுக்குப் பலிக்கவில்லை என்றால், ரெக்ஸலின் என்னையும் உற்றுப் பார்ப்பாளோ என்ற பயம். அது முதல் காரணம். இரண்டாவது ஒன்று இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது... இந்தப் பொய்க்குள் நான் தனியாக இருந்தேன். ஒருவன் துணைக்கு வந்தால் என்ன என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்தது. நான் இல்லை, ஏதோ ஒன்று என்று எழுதுகிறேன் பாருங்கள். நான்தான்.

மறுநாள் மறுபடியும் அவன் போன் வந்தது.

"கொறஞ்சிட்டு அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியே."

"எத்தன போட்டே?"

"மூணு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கொஞ்சம் அதிகமாக, கொஞ்சம் சீக்கிரமாக வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பல வருடமாக அது என் வாயில்தான் குடியிருக்கிறது.

அல்லது உண்மையிலேயே குறைந்திருக்கலாம். குறைந்தவர்கள் இருக்கிறார்களே! நான்காம் நாள் நரம்புக்குப் பிடிபட்டிருக்கலாம். கடவுளே, அப்படியே இருக்கட்டும்... ஆனால் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, முதலில் என் எண்ணை நான் சொல்வது. அதைத்தான் செய்யமாட்டேன் என்கிறேன்.

இன்னாசி இப்போது சங்குகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து, பிறர் எடுத்து வரும் சங்குகளை அளவு பார்த்துப் பிரிக்கிறான். கடலில் அவன் இடத்துக்கு வேறு ஆள் போகிறான். கிட்டங்கிக்குப் பக்கத்து அறையில் சங்கு அறுக்கும் மிஷின் கிறீச்சிடும். ஒருநாள் போய் நின்று பார்த்தேன். மிஷின் அலறியபோது அவன் முகத்தையே கவனித்தேன். அவன் இமைக்கவில்லை.

வலி இல்லாதவன் இமைக்கமாட்டான். என்னைப் போன்றவனும் இமைக்கமாட்டான்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றோம். என் பக்கத்தில் ரெக்ஸலின், அவன் பக்கத்தில் அவன் மனைவி. "ரெட்டப் பேட்டரி வந்துட்டு" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். எல்லோரும் சிரித்தோம். இன்னாசியின் வலது கை பிடரிக்குப் போனது; நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் இறங்கிவிட்டது.

அவனுக்கு எதிர்த்தரப்பு ஆள் ஒருவன் இந்த ஊரில் உண்டு என்றால் அது நான்தான். அந்த மூன்றைச் சேர்த்துப் பார்க்கத் தகுதியுள்ளவன் நான் ஒருவன். மறுபடி எண்ணு என்று சொல்ல வேண்டியவன் நான்.

"இன்னிக்கி எத்தனலே?" என்றேன்.

அவன் என் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தான்.

"மூணு அண்ணாச்சி. ஒங்களுக்கு?"

ரெக்ஸலின் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் மூணுதான்."

இரண்டு தாளும் ஒத்துப்போயின. வித்தியாசம் இல்லை.

இதை எழுதுகிற இந்த நேரத்தில் எனக்கு எட்டு. அவனுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. அடுக்களையில் ரெக்ஸலின் குக்கரை ஏற்றி, மூடியைத் திருகும் சத்தம் கேட்கிறது. முதல் விசிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது... அதற்குள் நான் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.