அண்ணன் முறை நாள்

அண்ணனுக்குக் கொள்ளி வைத்த மூன்றாம் நாள் கிணற்றடிக்குப் போனேன். எங்களுடையது கூட்டுக் கிணறு. அதன்மேல் நிற்கும் பழைய டீசல் இஞ்சினும் கூட்டு. பாகம் பிரித்தபோது ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் எனக்கு என்று முறை வைத்தார் அப்பா. அன்று அண்ணன் முறை. அண்ணன்தான் இல்லை. கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் கரண்ட் வராத கிணறு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இணைப்பு வாங்க இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு பேர் எங்கே போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போடுவது?

அண்ணனுக்கு ஒரே பெண், பெங்களூரில் கட்டிக்கொடுத்தது. அதனால் கொள்ளி என் கைக்கு வந்தது. மொட்டை அடித்தார்கள், மீசையை எடுத்தார்கள், சொன்னதையெல்லாம் செய்தேன். அழுகை வரவில்லை. வராததற்கு வெட்கமும் வரவில்லை. ஊரே பார்த்தது, பார்த்துத் தொலையட்டும்.

அண்ணி வரப்பில் நின்றிருந்தாள்.

"தம்பி, மல்லாட்டை விழுது எறங்குற நேரம். இன்னிக்கு தண்ணி பாயலன்னா அவ்ளோதான், அவரு போட்டதெல்லாம் போச்சு" என்றாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய பேச்சு அது. வேர்க்கடலைச் செடி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. தீட்டு என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். பத்து நிமிஷம் ஓடியது, திணறியது, நின்றது. மறுபடி சுற்றினேன், மறுபடி நின்றது. டீசல் குழாய்க்குள் காற்று. டாங்கியிலிருந்து வரும் செம்புக் குழாய் இஞ்சினின் டீசல் பம்பில் சேரும் இடத்தில், நட்டுக்குள்ளே ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கும். நட்டை இறுக்கினால் அது நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். அது கெட்டால் டீசல் வெளியே, காற்று உள்ளே. மாற்றுவது அரை நாள் வேலை. நாங்கள் மாற்றவில்லை. என் முறையில் கசிந்தால் ஒரு முறுக்கு முறுக்கி, மேலே துணி சோப்பைத் தேய்த்துவிடுவேன். மறுநாள் அண்ணன் அவர் பங்குக்கு ஒரு முறுக்கு. என் நாளில் ஓடினால் போதும், நாளைக்கு அவர் பாடு. என்ன திமிர் பாருங்கள்! நட்டின் மூலைகளே மழுங்கிப் போயிருந்தன.

குழாய் முனையை வளையத்தோடு அறுத்து எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். பௌர்ணமி. தேரடித் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஓர் ஆட்டோக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, "மொட்ட போட்டாச்சா சாமி? கிரிவலம் கெளம்பலாமா?" என்றார். "ஆச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் குழாய் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இத இப்படி முறுக்குனது? வளையம் கொழாயவே கடிச்சி வச்சிருக்கு. ஜாஸ்தி முறுக்குனா நிக்கும்னு நெனச்சீங்களா? ஜாஸ்தி முறுக்குனதாலதான் ஒழுகுது."

"ரெண்டு பேரு முறுக்குனோங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, புது வளையங்களும் ஃபில்டருக்குச் செம்பு வாஷர்களும் எடுத்துக் கொடுத்தார்.

கிணற்றடிக்குத் திரும்பி, உச்சி வெயிலில் வேலையைத் தொடங்கினேன். குழாய் முனையை அரம் போட்டுச் சமமாக்கி, நட்டைக் கோத்து, அப்புறம் வளையத்தைக் கோத்துப் பம்பில் பொருத்தினேன். கையால் இறுக்கி, ஸ்பேனரில் ஒரு சுற்று. இன்னும் ஒரு முறுக்கு போடச் சொல்லிக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். ஃபில்டரின் பழைய வாஷர்களைக் கழற்றிப் புதியவற்றைப் போட்டேன். உள்ளே புகுந்த காற்று வெளியேற பம்பின் திருகைத் தளர்த்தியதும் டீசல் நுரைநுரையாக வந்தது. நுரை அடங்கித் தெளிவாக வந்ததும் திருகை இறுக்கினேன். விரலெல்லாம் டீசல் பட்டு எரிந்தது. அது வேறு யாருடைய விரலோ என்பது போல இருந்தது எனக்கு.

இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கடைசிப் பாத்தியும் நிரம்பும் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அண்ணன் தன் முறையில் ஒரு நாளும் இப்படி ஓட்டியதில்லை. நானும்தான்.

இஞ்சினை நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. "நாளைக்கு என் முறை அண்ணி. நாளன்னிக்கு வந்து உங்களுக்குப் பாய்ச்சறேன்."

அண்ணி சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பினாள்.

"இந்த மல்லாட்டை புடுங்குற வரைக்கும் பாத்துக்குங்க தம்பி. அப்புறம் நான் பொண்ணு வூட்டுக்குப் போறேன். நெலத்த நீங்களே பண்ணுங்க. இனிமே எல்லா நாளும் உங்க முறதான்."

முழுக் கிணறும் எனக்கே வேண்டும் என்று எத்தனை வருஷம் வயிறெரிந்திருப்பேன். சரிங்க அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணா" என்று வந்தது.