கோல் விழும்வரை கறி கிடையாது

இந்தியக் கால்பந்து அணிக்கு மானகிரிப் பக்கத்தில் ஒரே ஒரு ரசிகர் உண்டு. பெயர் அருளானந்தம். புவியியல் வாத்தியார். உலகக் கோப்பை வந்தால் ஊரே அர்ஜென்டினா, பிரேசில் என்று இரண்டாகப் பிரிந்து ஃப்ளெக்ஸ் கட்டும். இவர் மட்டும் போட்டியிலேயே இல்லாத இந்தியாவை நினைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். "கல்யாண வீட்டுல வந்து பந்தல்காரனுக்காக அழுகுற ஆளு நானு" என்று அவரே சொல்லிக்கொள்வார். தன்னைக் கிண்டல் செய்வதில் எப்போதும் முந்திக்கொள்வது அவர் வழக்கம். ஊருக்கு விட்டுவைத்தால் இன்னும் மோசமாகச் செய்யும்.

கல்லூரி அணியில் அவரும் ஆடியவர்தான். அடித்தது ஒரே கோல். அதுவும் சொந்த வலையில். கேட்டால், "கோல் கோல்தான், வலை யாருதுங்கிறது நிர்வாகப் பிரச்சினை" என்பார்.

2024 பொங்கலுக்கு முன்னால் கத்தாரில் ஆசியக் கோப்பை தொடங்க இருந்தது. இந்தியா விழுந்த பிரிவில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா. தரவரிசையில் நாம் நூற்றுச் சொச்சம். மூன்று பேரும் நமக்கு மேலே. இதையெல்லாம் அருளானந்தம் டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் பூமிநாதன் ஒருவர்தான். விவசாயி, வாத்தியாரின் கூட்டாளி. பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டிருந்ததால் அவருக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை.

"ஒண்ணு ஜெயிப்போம், ஒண்ணு டிரா. அடுத்த சுத்துக்குப் போயிரலாம் பூமி" என்றார் வாத்தியார்.

"அதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே. ஒரு கோலாச்சும் போடுவாகளா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அருளானந்தத்துக்குச் சுருக்கென்றது. பூமிநாதனின் துளசி மாலையைப் பார்த்தார். ஊரில் ஆளாளுக்கு ஒரு விரதம் இருக்கும்போது தனக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்ற பொறாமையும் சேர்ந்துகொண்டது.

"அவுக ஒரு கோல் போடுற வரைக்கும் நான் கறி தொட மாட்டேன். அந்தோணியார் மேல சத்தியம்."

அந்தோணியார் காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். சாவி, மோதிரம், ஆடு எதுவானாலும் தேடித் தருவார். ஒரு கோலைத் தேடித் தரமாட்டாரா?

"எங்க முருகன் தேதி குடுத்துருக்காரு. தைப்பூசம் கழிஞ்சா மாலையக் கழட்டிட்டுக் கறி திம்பேன்" என்றார் பூமிநாதன். "ஒங்காளுக தேதி ஏதும் குடுத்துருக்காகளா?"

வாத்தியார் அசரவில்லை. மூன்று ஆட்டம் இருக்கிறது. அத்தனை நேரத்தில் காற்றடித்தாவது ஒரு பந்து உள்ளே போய்விடும் என்பது அவர் கணக்கு. கணக்கில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கிறிஸ்மஸ் கழித்துத்தான் மகள் ஜெசிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பொங்கலுக்கு மறுநாள் மாப்பிள்ளை மரிய ஆனந்த் முதல் விருந்துக்கு வருகிறார்.

மனைவி சகாயம்மாள் இதைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை மொத மொதல்ல கை நனைக்க வாராக. பக்கத்து எலையில மாமனாருக்குச் சாம்பாரா?"

"மொத மேட்ச்சுலயே முடிஞ்சிரும் சகாயம். விருந்துக்குள்ள நான் ஃப்ரீ."

முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு. இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அருளானந்தம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசல்வரை நடந்துவிட்டு வந்தார். இடைவேளைக்குப் பிறகு இரண்டு கோல் விழுந்தது. இரண்டும் நம் வலையில்.

விருந்தன்று வீடு மணத்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, உப்புக்கறி, நண்டு. மாப்பிள்ளை இலைக்குப் பக்கத்தில் மாமனார் இலை. அதில் முருங்கைக்காய்ச் சாம்பார். மரிய ஆனந்த் தேவகோட்டைப் பையன், வங்கியில் வேலை, மரியாதை தெரிந்தவர். அன்றைக்கு அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"என்ன மாமா, சாம்பார் ஊத்தியிருக்கீக? சுகரா?"

"அதெல்லாம் இல்ல மாப்பிள்ளை. இந்தியா ஒரு கோல் போடணும்."

மாப்பிள்ளை கோழியை மெல்ல ஒதுக்கினார். "மாமா கை வைக்காம நான் எப்படி மாமா சாப்பிடுறது? ஒங்க விரதம் முடியட்டும். அத்தை, எனக்கும் சாம்பாரே ஊத்துங்க."

சகாயம்மாள் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஜெசி கண்ணால் மிரட்டினாள். மாப்பிள்ளை சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார்.

புது மாப்பிள்ளைக்குச் சாம்பார் விருந்து போட்ட செய்தி அன்று சாயங்காலமே தேவகோட்டைக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மா மருமகளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "ஏன் ஆத்தா, ஒங்க ஊருல கோழிக்கெல்லாம் காய்ச்சலா?" முறையாகக் கறி விருந்து வைக்கும்வரை தேவகோட்டைக்காரர்கள் யாரும் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றும் முடிவாகிவிட்டது. ஜெசி போனில் அழுதாள். எங்கேயோ கத்தாரில் ஓடிக்கொண்டிருந்த பதினோரு பேருக்கும் தெரியாது, தங்கள் காலில் ஒரு சம்பந்தம் தொங்குகிறது என்று.

உஸ்பெகிஸ்தான் ஆட்டத்துக்குச் சகாயம்மாளே செபமாலையோடு வந்து உட்கார்ந்தார். இடைவேளைக்குள் மூன்று கோல் விழுந்தது.

"மூணு போயிருச்சே. அதுல ஒண்ணுகூடவா நம்மது இல்ல?"

"இல்ல."

"அவுக தெரியாத்தனமா அவுக வலையிலயே போட்டுக்கிட்டா?"

அருளானந்தம் தன் கல்லூரி நாளை நினைத்துக்கொண்டார். "செல்லும்" என்றார் பெருந்தன்மையாக. போகிற போக்கைப் பார்த்தால் கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று மனசு இறங்கிவந்துகொண்டிருந்தது. பந்து கம்பம்வரைக்கும் போனால்தானே.

சிரியா ஆட்டம் செவ்வாய்க்கிழமை. அந்தோணியாருக்கு உகந்த கிழமை. வாத்தியார் காலையிலேயே கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வந்தார். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பூமிநாதன் பாதயாத்திரையிலிருந்து கூப்பிட்டார்.

"வாத்தியாரே, நாங்க ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோம். ஒங்காளுக நடுக்கோட்டத் தாண்டிட்டாகளா?"

கடைசிக் கால் மணி நேரத்தில் சிரியா ஒன்று போட்டது. இந்தியா மூன்று ஆட்டமும் தோற்று, ஒரு கோலும் போடாமல் ஊர் திரும்பியது. பூமிநாதன் முருகனைப் பார்த்துவிட்டு வந்து மாலையைக் கழற்றினார். அன்று மத்தியானம் அவர் வீட்டு ஆட்டுக்கறி வாசம் தெருவைச் சுற்றிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குள் நுழைந்தது. ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தரவரிசையில நானும் கீழ போய்க்கிட்டிருக்கேன்" என்றார் அருளானந்தம். சகாயம்மாள் சிரிக்கவில்லை.

மறுநாளே அவரை மாதாகோயில் பங்குச்சாமியிடம் இழுத்துக்கொண்டு போனார். நேர்ச்சைக்கு விலக்குக் கொடுக்கச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு. சாமி முழுவதையும் கேட்டார். சிரிப்பை அடக்க ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"இதுல என்ன வாத்தியாரே. விலக்குத் தாரேன். போயி மாப்பிள்ளைக்குக் கோழி அடிங்க."

சகாயம்மாள் கும்பிட்டார். அருளானந்தம் நகரவில்லை.

"வேணாம் சாமி."

"ஏன்?"

"வாங்கிட்டா, இவுக இனிமே கோலே போட மாட்டாகன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஊருல இவுகளுக்குன்னு இருக்கிறது நான் ஒருத்தன். நானும் எந்திரிச்சுப் போயிட்டா?"

சாமி சிரிக்காமல் அவர் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவைத்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சகாயம்மாள், "அந்தப் பதினோரு பேரும் ஒங்களுக்கு என்ன முறை ஆகணும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவரைக் காப்பாற்றியது அணியல்ல, தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் வந்ததும் பங்கு மக்களில் பாதிப் பேர் கறியை நிறுத்தினார்கள். தேவகோட்டைச் சம்பந்தி வீட்டிலும் நிறுத்தினார்கள். இத்தனை நாள் தனியாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரின் பந்தியில் ஊரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஈஸ்டர் வரை சம்பந்தியம்மா விருந்தைப் பற்றிப் பேச முடியாது. ஈஸ்டருக்குப் பிறகு பேசுவார். அதற்குள் கோல் விழவேண்டும்.

இந்தியாவுக்கு இருந்தது ஆப்கானிஸ்தானோடு இரண்டு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். முதலாவதில் யாரும் கோல் போடவில்லை. இரண்டாவது கவுகாத்தியில், புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. சகாயம்மாள் செபமாலையை எடுக்கவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதல் பாதியில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அருளானந்தம் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"போட்டது நம்மாளுதானா?" என்றார் சகாயம்மாள்.

"ஆமா."

"நம்ம வலையில இல்லையே?"

"இல்ல சகாயம், இல்ல."

கீரை தரையெல்லாம் சிதறியது. தேவகோட்டையிலிருந்து போன் வந்தது. "மாமா, போட்டாக" என்றார் மாப்பிள்ளை. கால்பந்தே பார்க்காத ஆள், அன்றைக்கு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பூமிநாதன் தெருவிலிருந்தே கேட்டார்: "யாரும் மறிக்காம நின்னு அடிக்கிறதெல்லாம் ஒரு கோலா வாத்தியாரே?"

"கோல்கீப்பர் என்ன, கும்பிட்டுக்கிட்டா நின்னான்?"

கோழி வாங்கக் கிளம்பியவர் செருப்பை மாட்டும்போதுதான் நினைவு வந்து நின்றார். புனித வாரம். ஈஸ்டர் ஞாயிறு வரை தொடக்கூடாது. திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்குள் ஆப்கானிஸ்தான் ஒன்று போட்டிருந்தது. முடிவதற்குள் இன்னொன்றும் போட்டு ஜெயித்தது. அந்தோணியார் மேல் குற்றமில்லை. இவர் கேட்டது கோல்தான். வெற்றி கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று சம்பந்திமார் தேவகோட்டையிலிருந்து முறைப்படி வந்தார்கள். இலைகள் விரிந்தன. அருளானந்தம் முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தார். மரிய ஆனந்த் அதைப் பார்த்துவிட்டுத் தன் துண்டை எடுத்தார். சம்பந்தியம்மா இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். ஜெசி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த பூமிநாதன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "அடுத்த மேட்ச்சு எப்ப வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டார்.

"ஜூன்ல. குவைத்து. அதுல ஜெயிச்சா அடுத்த சுத்து. இந்தத் தடவ நிச்சயம் பூமி. வேணும்னா நான் இப்பவே அந்தோணியார் மேல..."

சகாயம்மாள் கரண்டியோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டியில் இருந்ததிலேயே பெரிய நெஞ்செலும்பாகப் பார்த்து எடுத்து, மாப்பிள்ளை, சம்பந்தி என்று பார்க்காமல், புருஷனின் திறந்த வாயில் வைத்து அடைத்தார்.