அய்யாவின் முதுகும் லைட்டு ரூமும்

"நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? ரூமுக்குள்ள லைட்டப் போட்டு நிக்கச் சொல்லுறே. இதத்தான் இத்தன வருசமாப் படிச்சியா தாயி?" என்று அய்யா கேட்டார். என் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நர்சிங் முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு தோல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஒளி சிகிச்சை அறை என் பொறுப்பு. பீரோ போன்ற பெட்டி. உள்ளே சுற்றிலும் ஆள் உயரக் குழல்விளக்குகள்.

அய்யாவுக்கு முதுகிலும் மார்பிலும் சொரியாசிஸ், தோல் செதில் செதிலாக உரியும் நோய். அடுத்தவர்களுக்கு ஒட்டாது என்று சொன்னாலும் ஊரில் யாரும் நம்பவில்லை. மிளகாய்க் காட்டில் மற்றவர்கள் வெற்றுடம்போடு வேலை செய்வார்கள். அவர் மட்டும் முழுக்கைச் சட்டையைக் கழற்றமாட்டார். ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் கடலில் வெற்றுடம்போடு இறங்கித் தன் அப்பாவுக்குத் திதி கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். சித்தப்பாதான் கொடுத்துவந்தார். மூத்த மகனான அய்யா கரையில்கூட நிற்பதில்லை.

"சூரிய வெளிச்சத்துல ஒரு பகுதிய மட்டும் பிரிச்சுக் குடுக்குற லைட்டுய்யா அது" என்றேன். இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பெருமை.

தை மாதம் வரத் தொடங்கினார், வாரம் மூன்று நாள். கண்ணைக் காக்க நாங்கள் கொடுக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கல்யாண மாப்பிள கணக்கா இருக்கேன், ஒங்க ஆத்தாளக் கூப்பிடு" என்பார். செதில் குறைந்துகொண்டு வந்தது.

மாசியில் மிளகாய்ப் பறிப்பு வந்தது. மருத்துவமனை திறக்கப் பத்து மணி ஆகும். வந்து திரும்பினால் பகல் போய்விடும். இரண்டு வாரம் வரவில்லை. அடுத்து வந்தபோது சட்டையைக் கழற்றவே முகம் சுளித்தார். முதுகெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது.

"என்னய்யா பண்ணுனீக?"

"விட்டுப்போன தண்ணிய ஒண்ணாப் பாய்ச்சுறதில்லையா, அப்பிடித்தான். களத்துல மிளகாயக் காயப்போட்டுட்டு, உச்சி வெயில்ல நானும் சட்டையில்லாமப் படுத்தேன், ரெண்டு நாளு. ரெண்டும் ஒண்ணுதான்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். வெளிச்சத்தை விநாடிக் கணக்கில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம், நாள் விட்டுப்போனால் குறைப்போமே தவிரக் கூட்டமாட்டோம் என்பதைச் சொல்லவில்லை. வருகிற மற்ற நோயாளிகளிடமெல்லாம் தினமும் சொல்கிற விஷயம். வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். ஆறிய பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்.

"ஆடிக்குள்ள கொணமாயிருமா?" அய்யா டாக்டரிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"விடாம வாங்க. உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் அவர்.

அய்யா வெளியே போனதும் நான் டாக்டரிடம் கேட்டேன். மருத்துவமனை மாடியிலேயே குடியிருப்பவர் அவர். சிகிச்சை நாட்களில் காலை ஏழரைக்கே அறையைத் திறந்தால் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் விடாமல் வருவார்கள், முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுகிறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

புண் ஆறிவிட்டது. போன திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அய்யாவும் நானும் ஏறினோம். பத்து மணிக்கெல்லாம் அவர் களத்துக்குத் திரும்பிவிட்டார், அதே முழுக்கைச் சட்டையோடு. இந்த முறை வெயில் படக்கூடாது என்று நான் போடச் சொன்னது.